பெட்டிக்குள் முப்பத்தொன்பது வருஷம்

டெல்பர்ட்: ஐம்பத்திரண்டாயிரம் டாலர், நெல்டா. ஒரு குண்டு கூடச் சுடலைங்கறதுக்காக. சுட்டிருந்தா முப்பத்தெட்டுதானாம். நடுவுல இருக்கிற பதினாலாயிரம் சும்மா... கற்புக்கு.

நெல்டா: துப்பாக்கிக்குக் கற்பு பார்க்கிற ஆளு! அதை வாங்கப் போற ஸ்ப்ராக் எத்தனை மணிக்கு வர்றாரு?

டெல்பர்ட்: பன்னெண்டு.

நெல்டா: இப்போ மணி பத்து. சரி, பெட்டியைத் திற.

டெல்பர்ட்: எதுக்கு?

நெல்டா: சுடத்தான். குளத்தங்கரையில ஆறு தகர டப்பா அடுக்கி வச்சிட்டேன்.

டெல்பர்ட்: புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இப்பதானே சொன்னேன், பதினாலாயிரம்...

நெல்டா: கேட்டுச்சு, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. உன் தோள்தான் சரியில்ல. திங்கட்கிழமை இடது தோளைப் பிளந்து இரும்பு வைக்கப் போறாங்க. அதுக்கப்புறம் துப்பாக்கிக் கட்டை அந்தப் பக்கமே படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

டெல்பர்ட்: சொன்னாரு.

நெல்டா: துப்பாக்கி இன்னைக்குப் போயிரும். தோள் நாளன்னைக்குப் போயிரும். முப்பத்தொன்பது வருஷமா எம்-16-ஐ வீட்டுல வச்சுக்கிட்டு, ஒரு தடவை கூட விசையைத் தொடாமப் போன மனுஷன்னு உன் கல்லறையில எழுதணுமா?

டெல்பர்ட்: எழுதிக்கோ. எழுத்துக்கு இத்தனை டாலர்னுதான் கேப்பாங்க, கொஞ்சம் சுருக்கமா எழுது.

நெல்டா: டெல்பர்ட்...

டெல்பர்ட்: இது சுடறதுக்கு வாங்குனது இல்லம்மா. எண்பத்தாறு மே மாசத்தோட சட்டம் கதவைச் சாத்திருச்சு. அதுக்கப்புறம் செஞ்ச தானியங்கித் துப்பாக்கி எதுவும் நம்மள மாதிரி...

நெல்டா: ...ஆளுங்க கைக்கு வராது, இருக்கறது மட்டும்தான் இருக்கு, இது தங்கம். மனப்பாடம் ஆயிருச்சு. கூரை மாத்த வச்சிருந்த பணத்தைத் தூக்கிட்டுப் போயி இதை வாங்கிட்டு வந்த அன்னைக்கே சொன்ன. மழை நேரா என் அடுப்புல ஒழுகிட்டிருந்துச்சு.

டெல்பர்ட்: நீ என்ன சொன்ன அன்னைக்கு? ஞாபகம் இருக்கா?

நெல்டா: ஒரு குண்டு சுட்டாலும் அமரில்லோவுக்கு, எங்க அக்கா வாண்டா வீட்டுக்குப் போயிருவேன்னு சொன்னேன்.

டெல்பர்ட்: ஆங். நானும் பைபிள் மேல கை வச்சேன்.

நெல்டா: விதைக் கடை விலைப்பட்டியல் மேலதான் கை வச்ச. பைபிள் மாடியில இருந்துச்சு.

டெல்பர்ட்: வாக்கு வாக்குதானே.

நெல்டா: அந்த வாக்கிலிருந்து உன்னை விடுதலை பண்ணிட்டேன். இந்த நிமிஷத்துலேர்ந்து. எந்திரி. ஒரே ஒரு தோட்டாப் பெட்டி. குறியைக் கொஞ்சம் தாழ்த்தி வை, விசையை அழுத்திப் பிடிச்சா துப்பாக்கி மூக்கு வலது பக்கமா மேல ஏறும்...

டெல்பர்ட்: உனக்கெப்படித் தெரியும்?

நெல்டா: மாட்டுச் சந்தையில பேசிக்கறாங்க.

டெல்பர்ட்: மாட்டுச் சந்தையிலயா!

நெல்டா: ஓக்லஹோமாவுல மாட்டைப் பத்தி எவன் பேசுறான் மாட்டுச் சந்தையில? எந்திரிப்பா.

டெல்பர்ட்: நான் இடது கைக்காரன் நெல்டா. இந்தத் துப்பாக்கி காலித் தோட்டா உறையை வலது பக்கம் துப்பும். இடது தோள்ல வச்சுச் சுட்டா உறை நேரா சட்டைக் காலருக்குள்ள வந்து விழும். காஞ்ச இரும்புச் சட்டி மாதிரி கொதிக்கும்... அதாவது, கொதிக்கும்னு சொல்றாங்க.

நெல்டா: யாரு? மாட்டுச் சந்தையிலயா?

டெல்பர்ட்: சிரிக்காதே. அந்தத் தாளை எடு. ஸ்ப்ராக் அனுப்புனது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

நெல்டா: என்ன எழுதியிருக்கு?

டெல்பர்ட்: "ஆலையில் சோதித்த பிறகு இந்தத் துப்பாக்கி ஒரு தடவை கூடச் சுடப்படவில்லை என்று கீழே கையெழுத்திட்ட நாங்கள் உறுதி கூறுகிறோம்." இந்தா பேனா. போடு.

நெல்டா: நீ போடு முதல்ல. உன் துப்பாக்கி.

டெல்பர்ட்: பதிவு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. பெண்களுக்கு முதல் மரியாதை.

நெல்டா: கார்க் கதவைக் கூட எனக்குத் திறந்து விட்டதில்ல, இன்னைக்கு என்ன திடீர் மரியாதை?

டெல்பர்ட்: என் கண்ணாடியைக் காணோம்.

நெல்டா: நெத்தியில இருக்கு.

டெல்பர்ட்: இதுல எழுத்து தெரியாது.

நெல்டா: இப்பதானே கடகடன்னு படிச்ச.

டெல்பர்ட்: நீ ஏன் போட மாட்டேங்கிற, அதைச் சொல்லு.

நெல்டா: நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல முன்வரிசையில உக்காரறவ நான். முன்பின் தெரியாத மனுஷனுக்கு உறுதிமொழியெல்லாம்... நீதான் போடேன்.

டெல்பர்ட்: எனக்கு வலது கைப் பக்கம்... இல்ல, இடது கைதான்... தோள் வலிக்குது.

நெல்டா: பேனா என்ன பதினாறு கிலோவா?

டெல்பர்ட்: நெல்டா.

நெல்டா: ம்.

டெல்பர்ட்: என் கழுத்துல ஒரு தழும்பு இருக்கே.

நெல்டா: வெல்டிங் பண்ணும்போது பொறி விழுந்ததுன்னு சொன்ன.

டெல்பர்ட்: வெல்டிங் பொறி இல்ல அது.

நெல்டா: ...காலி உறையா?

டெல்பர்ட்: ஈஸ்டர் வாரம். நீ வருஷா வருஷம் அமரில்லோ போவியே, அப்போ. கார் கேட்டைத் தாண்டுனதும் பெட்டியைத் திறப்பேன். ஒரு தோட்டாப் பெட்டிதான், இருபது குண்டு. ஒண்ணு கூட அதிகம் கிடையாது, மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்ல. இந்த வருஷம்தான் தோள் கிழிஞ்சு கிடந்தேன், நீயும் போகல. மத்தபடி முப்பத்தெட்டு ஈஸ்டர்.

நெல்டா: பாவி!

டெல்பர்ட்: அதனாலதான் அந்தப் பதினாலாயிரத்தையாவது உன் கையில வச்சிரலாம்னு பார்த்தேன். ஒழுகுன கூரைக்கு வட்டியா. ஆனா கையெழுத்துன்னு வந்ததும் விரல் மடங்க மாட்டேங்குது. பொய்யைச் சொல்லிரலாம், எழுத முடியல. அமரில்லோ போறதுன்னா போ, நானே பெட்டி தூக்கி வைக்கிறேன். வலது கையால.

நெல்டா: குண்டை எங்க வச்ச?

டெல்பர்ட்: விதைப் பீப்பாயில. நல்லாத்தான் மறைச்சேன், சுத்தம் பண்றதுதான் எனக்குச் சரியா வரல. ஒவ்வொரு வருஷமும் சுட்டு முடிச்சு, குழாயைத் தேய்ச்சு, எண்ணெய் போட்டு, மெழுகுத்தாள்ல சுத்தி வச்சிருவேன். பளபளன்னு இருக்கும். அடுத்த ஈஸ்டருக்குத் திறந்தா... துப்பாக்கிப் பூட்டு இடுக்குல வெடிமருந்துக் கரி. வருஷா வருஷம் கரி! கிழவா, உனக்குத் துடைக்கத் தெரியலையேன்னு என்னை நானே திட்டிப்பேன்.

நெல்டா: கரியா?

டெல்பர்ட்: ஆமா. கொஞ்சமாத்தான்... ஏன் உக்காந்துட்ட?

நெல்டா: ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

டெல்பர்ட்: அழறியா?

நெல்டா: சிரிக்கிறேன்டா மடையா! எனக்கும் அதே கரிதான். வருஷா வருஷம், அதே இடுக்குல. நானும் என் கண்ணைத்தான் திட்டிட்டு இருந்தேன்!

டெல்பர்ட்: உனக்கு எப்ப...

நெல்டா: நவம்பர். மான் வேட்டைன்னு உன் தம்பி லீலண்ட் வீட்டுக்குக் கிளம்புவியே. உன் வண்டி கிளப்புற புழுதி அடங்கறதுக்குள்ள நான் குளத்தங்கரையில இருப்பேன். வேட்டைத் துப்பாக்கியை நீ துடைக்கறதைப் பார்த்துத்தான் துடைக்கக் கத்துக்கிட்டேன், அதான் சரியா வரல போல.

டெல்பர்ட்: குண்டு...?

நெல்டா: பீட்ரூட் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாடி. நீதான் அந்த அலமாரிப் பக்கம் தலைவச்சுக் கூடப் படுக்க மாட்டியே.

டெல்பர்ட்: கடவுளே... ஸ்ப்ராக் வந்தா என்ன சொல்றது?

நெல்டா: இப்பவே போன் பண்ணு. நல்லாச் சுட்ட துப்பாக்கி, வேணும்னா அடுத்த சனிக்கிழமை முப்பத்தெட்டாயிரத்தோட வரச் சொல்லு. வேண்டாம்னா வழியில கேக் வாங்கிச் சாப்பிட்டுட்டுத் திரும்பட்டும்.

டெல்பர்ட்: ஏன் அடுத்த சனிக்கிழமை?

நெல்டா: அந்தத் தாளைத் திருப்பு, பின்னாடி எழுது. நீ, முப்பத்தெட்டு ஈஸ்டர், இருபது இருபதா... எழுநூத்தி அறுபது. நான் ஒரு வருஷம் கணுக்கால் உடைஞ்சு கிடந்தேன், அதைக் கழிச்சு முப்பத்தெட்டு நவம்பர்.

டெல்பர்ட்: அப்போ நீயும் எழுநூத்தி அறுபது. சரிக்குச் சரி.

நெல்டா: யாரு சொன்னா? உனக்குத்தான் கட்டுப்பாடு. எனக்குத் தடவைக்கு ரெண்டு பெட்டி. ஆயிரத்தி ஐநூத்தி இருபது. எழுநூத்தி அறுபது குண்டு பின்தங்கி இருக்க நீ, நாளைக்குள்ள சுட்டுச் சரிக்கட்டணும். தோள் வலிச்சா வலிக்கட்டும், எப்படியும் திங்கட்கிழமை புதுசு வருது. காலர் பொத்தானைப் போட்டுக்கிட்டு வா.