இரண்டாவது லைஃப் ஜாக்கெட்

— காலை எடுத்து வை அக்கா. கவுந்துடாது.

— எனக்கே சொல்றியா? பதினோரு வருஷமா படகைச் சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டுறவ நான்.

— ஆமா. கட்டிப்போட்ட படகை.

— ...வாயைக் குறை. ஆபத்துல கொளுத்திக் காட்டுற ஃப்ளேரை எடு.

— மூணு இருக்கு. கொளுத்தினா சிவப்பா எரியும். இந்தப் பனிக்குள்ள யாரோ ஒருத்தர் பூவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி...

— தேதியைக் காட்டு. பூவை அப்புறம் பாக்கலாம்.

— அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும். சீக்கிரம்க்கா. பத்து மணிக்குக் காத்து திரும்பிடும். ஸ்டிக்கர் இல்லாம துறையை விட்டு வெளிய விடமாட்டாங்க.

— தங்கச்சின்னு சும்மா ஒட்டிக் குடுப்பேன்னு நெனச்சியா? தீயணைக்கிற சிலிண்டர் எங்க?

— அடுப்புக்கு மேல.

— அடுப்பே பத்திக்கிட்டா நெருப்புக்குள்ள கைய விட்டு எடுப்பியா? வாசப்பக்கம் மாட்டு.

— மாட்டிட்டேன். விசில் இதோ.

— ஊது.

— இப்பவா? தண்ணிகூடத் தூங்குது, பாரு. எது வானம், எது கடல்னே தெரியல...

— ஊதுடி.

— பீ...ப்!

— போதும், போதும். காது போச்சு. லைஃப் ஜாக்கெட்?

— இந்தா, என்னோடது.

— உள்ள இன்னொண்ணு தெரியுதே.

— அது... சும்மா இருக்கட்டும்னு.

— படகுல எத்தனை பேர்? ஃபாரத்துல அந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கு.

— கடைசில எழுதலாம்னு விட்டேன்.

— யாருடி அது?

— யாரும் இல்லக்கா.

— மூணு வாரம் தீவு தீவாச் சுத்தப்போறே. ஆள் வரல, ஜாக்கெட் மட்டும் வருதாக்கும். அம்மாவுக்குத் தெரியுமா?

— அம்மாதான் அளவே சொன்னாங்க.

— ஓ... வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

— கோபப்படாதேக்கா.

— கோபமெல்லாம் இல்ல. சொல்லு, கேக்குறேன்.

— முதல்ல ஸ்டிக்கரை ஒட்டு.

— முதல்ல நீ சொல்லு.

— ...இதோட பட்டையெல்லாம் யாரோ இழுத்துச் சரி பண்ணி வெச்சிருக்காங்க, பாத்தியா? கடையில இருந்தே இப்படித்தான் வந்துச்சு.

— பேச்சை மாத்தாதே.

— சரி. அது உன் அளவுக்கா. ஒரு வாரமா கேக்கணும் கேக்கணும்னு... இத்தனை வருஷத்துல நீ ஒரு நாள்கூடக் கரையை விட்டு வந்ததில்ல. கேட்டா நீ திட்டுவியோன்னு பயம். லீவு கிடைக்காதுன்னு மட்டும் சொல்லிடாதே.

— லீவு திங்கக்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன். நீ இல்லாதப்ப பார்சலைப் பிரிச்சு, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணாடி முன்னாடி அரை மணி நேரம் இதைப் போட்டு, பட்டையை இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு நின்னேன்... நீ எப்பதான் வாயைத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எழுதுடி, ரெண்டு பேர்.