பதினொரு நொடியைக் காத்த ரதோய்கா பெரோவிச் அவர்களுக்கு

ராவ்னி டோல் நகரம், லாக்கிச் வீட்டின் கீழ்த்தளம், அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை முற்பகல். கூடியிருப்பவர்கள்: வீட்டுக்கு மூத்தவரும் நிகழ்ச்சியை நடத்தும் நம் சங்கத்தின் தலைவருமான கிர்ஸ்தோ லாக்கிச், அவருடைய தம்பி மகளும் நம் நிகழ்ச்சியின் குரலுமான நெவேனா, நிகழ்ச்சியை வலைத்தளத்தில் ஏற்றுபவரும் முன்னாள் பேருந்து நிலைய அறிவிப்பாளருமான டானிலோ, பாலர் பள்ளி மருத்துவர் ஸ்டோயா, நகராட்சியில் தபால் பதிவேடு எழுதிய பிளாஷோ, அழைக்காமலே வந்து முதல் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட பேருந்து ஓட்டுநர் ராட்கோ, உங்கள் கணவர் வெலிமிர், நடுவில் நீங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அதற்கு நூறு காரணம் கற்பிக்கும் ஊர் இது. ஆகவே பெயர்கள் முதலில்.

காதையே கண்ணாகக் கொண்ட காவலரே! கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டும் கண்டதை வெட்டாத கண்ணியமே! முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறர் குரலுக்குப் பின்னால் அமர்ந்து, தம் குரலை ஒருநாளும் முன்னால் வைக்காத ரதோய்கா பெரோவிச் அவர்களே! இந்த மடலை எழுதியவர் கிர்ஸ்தோ. கையெழுத்திடுபவர்கள் நாங்கள் மூவர். தம்மைப் பற்றி வரும் இடங்களிலும் அவர் தம் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார். சபையில் 'நான்' என்று எழுந்து நிற்பது அந்த வீட்டு வழக்கம் அல்ல.

நகர வானொலியில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஒலிநாடாவைப் பிளேடால் அறுத்து ஒட்டினீர்கள். அந்த நிலையம் மூடப்பட்ட வாரத்திலேயே, நெவேனா கேட்டுக்கொண்டபடி இந்தக் கீழ்த்தளத்துக்கு வந்தீர்கள். அப்போது இது பன்றித்தொடை புகையூட்டித் தொங்கவிட்டிருந்த அறை. சுவரெங்கும் கம்பளி அடித்து, இரண்டு மைக் வைத்து, ஊர் அரசியலைப் பேசும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கினோம். வந்தவரை வரவேற்க முதல் காப்பி, பேசவைக்க இரண்டாம் காப்பி, எழுப்பி அனுப்ப மூன்றாம் காப்பி என்பது நம் மலையின் கணக்கு; நடுவில் உள்ளதையே நெவேனா நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்தார். ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஏழு மணிக்கு 'இரண்டாம் காப்பி' வெளிவருகிறது. விறகு ஒப்பந்தம், ஓநாய் அடித்த ஆட்டுக்கு இழப்பீடு, கட்சி மாறினால் தலைமையாசிரியரும் மாறும் விந்தை என்று நாம் பேசாதது குறைவு. ஒரு சட்டமன்ற உறுப்பினர் வந்து முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டுப் போன நாளில், ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் சொன்னது இன்றும் எங்கள் வீட்டுப் பழமொழி: "மூச்சையெல்லாம் வெட்டி எடுத்துட்டேன். மிச்சம் ஒண்ணரை நிமிஷம்தான் இருக்கு. போடட்டுமா?"

பதிவு தொடங்கும் முன் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்வது உங்கள் முறை. "எல்லாரும் வாயை மூடுங்க. அறை பேசட்டும்" என்பீர்கள். இருமலையும் நாற்காலிக் கிறீச்சையும் எடுத்த இடங்களில், அந்த வெற்று நிமிடத்திலிருந்து ஒரு துண்டை வைத்துத் தைப்பீர்கள். கேட்பவர் காதுக்குத் தையல் தெரியாது.

கிர்ஸ்தோவுக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு வழக்கு உண்டு. பதிவு நடக்கும்போதும் விருந்தாளிக்குத் தம் கையாலேயே காப்பி ஊற்றுவது அவர் வழக்கம்.

"பெரியவரே, கரண்டி சத்தம் மைக்ல விழுது."

"அதுக்கு? என் வீட்ல விருந்தாளி வெறும் வாயோட உக்காந்து பேசறதா?"

மறுநாள் மரக்கரண்டிகள் வந்தன. அந்த வழக்கு அத்தோடு முடிந்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். இந்த அறையில் எல்லார் முகத்திலும் ஒரே கவலை இருக்கிறது. நீங்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்தப் பதினொரு நொடி இருக்குமா, இருக்காதா? கேக்கை எப்போது வெட்டுவார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே அக்டோபரில், பெருமழைக்குப் பிறகு ஊர்க் குழாய்நீர் கெட்டது. நீரைக் குடிக்க வேண்டாம் என்று நகராட்சி வெள்ளிக்கிழமைதான் அறிவித்தது. அதற்குள் பாலர் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, நகரத் தலைவர் போகிச் மரூனோவிச் நம் மைக்கின் முன் வந்து உட்கார்ந்தார். அவர் வெறும் விருந்தாளி அல்ல, கிர்ஸ்தோவுக்குக் கூம், சடங்கால் ஆன உறவு. அவர் திருமணத்தில் சாட்சியாக நின்றவர் கிர்ஸ்தோ. அவர் மகளுக்கு ஞானத்தகப்பனாகப் பெயர் சூட்டியவரும் கிர்ஸ்தோ. உடன்பிறந்தவனோடு சண்டை போட்டவனை நம் மலை மன்னித்திருக்கிறது. கூமோடு போட்டவனை மன்னித்ததில்லை.

நெவேனா கேட்டார்: "ஆய்வக அறிக்கை உங்க மேசைக்கு என்னைக்கு வந்துச்சு?"

பதினொரு நொடி பதில் வரவில்லை. பிறகு நகரத் தலைவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை."

மறுநாள் பிற்பகல் நகராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. எல்லார் பேச்சிலும் தடங்கலை எடுத்துச் சீராக்குகிறீர்களே, நம் நகரத் தலைவருக்கும் அதே மரியாதையைச் செய்யுங்கள் என்றார்கள். கேட்டது நியாயம்போலத்தான் இருந்தது. கிர்ஸ்தோ படியிறங்கி உங்களிடம் வந்தார்.

"ரதோய்கா, அந்த இடத்தக் கொஞ்சம் சுருக்கிடும்மா. எல்லாருக்கும் செய்யறதுதானே?"

"எல்லாருக்கும் நான் எடுக்கறது இருமல. இது இருமல் இல்ல பெரியவரே."

"அவன் என் கூம். என் கூரைக்குக் கீழ வந்து, என் காப்பியக் குடிச்சவன். அவனக் கூப்பிட்டு வெச்சு மானத்த வாங்கினான் லாக்கிச்னு ஊர் பேசணுமா?"

"அந்தப் பதினொரு நொடிய நீங்க கேட்டீங்களா?"

"நான்தான் அங்கயே இருந்தேனே!"

"இருந்தீங்க. கேட்டீங்களான்னு கேக்கறேன்."

ஹெட்ஃபோனை அவர் தலையில் நீங்களே மாட்டினீர்கள். முதலில் வாசல் தகரக் கூரையில் மழை. ஒரு நாற்காலி அசைவு. நான்காவது நொடியில் செம்புப் பாத்திரம் மேசையில் உரசும் ஓசை, காப்பி ஊற்றும் ஓசை, அதன்மேல் தணிந்த ஒரு குரல்: "குடி கூமே, ஆறிடப் போகுது." கோப்பை எழுந்து இறங்கும் ஓசை. அதற்குப் பிறகே அந்த 'வெள்ளிக்கிழமை'.

அந்தக் குரல் கிர்ஸ்தோவினுடையது. அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. விருந்தாளி திணறினால் வீட்டுக்காரன் கை பாத்திரத்தைத் தேடும். அவர் கையும் தேடியிருக்கிறது. பத்தொன்பது பிள்ளைகளுக்காகக் கேட்ட கேள்விக்கு நடுவில், லாக்கிச் வீட்டுக் கை ஒருவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்: "என் சத்தத்த மட்டும் எடுக்க முடியுமா?"

"முடியும். வெறும் அறை ஒரு நிமிஷம் இருக்கே, அத வெச்சு ஒட்டினா யாருக்கும் தெரியாது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

 உங்கள் பணி ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருந்தது. வெலிமிருக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை இல்லாத காலம் அது. மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தீர்கள்.

லாக்கிச் வீட்டு விருந்தாளி தலைகுனிந்து வெளியேறியதில்லை என்பது ஐந்து தலைமுறைப் பேச்சு. லாக்கிச் வீட்டு வாயில் பொய் வந்ததில்லை என்பதும் அதே ஐந்து தலைமுறைப் பேச்சு. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் நாள் அதுவரை அந்த வீட்டுக்கு வந்ததில்லை. கால் மணி நேரம் கிர்ஸ்தோ உங்கள் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அவர் வீம்புக்காக வேறு மாதிரி முடிவெடுத்திருப்பார். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"விடு," என்றார். "அவன் மௌனமும் இருக்கட்டும். என் காப்பியும் இருக்கட்டும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அது வெளிவந்தது. ராட்கோ அப்போது பேருந்தோடு மலைக் கணவாயில் இருந்தார். நெட் அறுந்துவிட்டது என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினாராம். பின் இருக்கையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தலைவருக்குத்தான் கட்டாயிடுச்சு, நீ வண்டிய எடு." வண்டி முழுக்கச் சிரித்ததாம். சிரித்து முடித்த பிறகு தலைநகர் போட்கோரிட்சா வரை ஒருவரும் பேசவில்லையாம்.

மறுநாள் பிளாஷோ, தபால் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து, மருத்துவர் ஸ்டோயாவின் வாசலில் நின்றார். அறிக்கை வந்த நாளுக்கான முத்திரை, அறிவிப்புக்கு நான்கு நாள் முந்தைய திங்கட்கிழமையைக் காட்டியது. "அந்த மௌனத்தக் கேட்டதுலேருந்து ரொட்டி தொண்டைல இறங்கலம்மா" என்று மட்டும் சொன்னார். அது எழுத்தர் செய்த பிழை என்றார் நகரத் தலைவர். பிளாஷோவுக்கு வேலை போயிற்று. போகிச் மரூனோவிச் பதவியில் இருக்கிறார். லாக்கிச் வீட்டுப் புனிதர் திருநாளுக்கு அவர் வந்து நான்கு ஆண்டு ஆகிறது. அவருடைய நாற்காலியைக் கிர்ஸ்தோ அகற்றவும் இல்லை. வேறு ஒருவரை அதில் உட்காரவைக்கவும் இல்லை.

இன்னும் மூன்று வாரத்தில் தேர்தல். நீங்கள் இன்று போகிறீர்கள். டானிலோ வாங்கி வைத்திருக்கும் புதிய செயலி எல்லா இடைவெளியையும் தானே கண்டுபிடித்துத் தானே வெட்டுகிறது. எது தொண்டையின் தடங்கல், எது மனசாட்சியின் தடங்கல் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? நெவேனா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டானிலோ அந்தச் செயலியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை நகரத் தலைவரின் கார் இந்த வாசலில் நின்றது. இந்தக் கீழ்த்தளச் சன்னலிலிருந்து பார்த்தீர்கள். மாடியில் என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கவில்லை. அன்று முதல் அந்தப் பதிவுக்கு ஒவ்வொன்றாக நகல் எடுத்தீர்கள். "என் ஆணிப் பெட்டிக்குள்ள இந்தப் பென் டிரைவ் எதுக்கு ரதோய்கா? இதையும் சுவத்துல அடிக்கணுமா?" என்று வெலிமிர் கேட்டது எங்கள் காதுக்கும் வந்தது. நீங்கள் கேட்காமல் விட்டதுதான் கிர்ஸ்தோவைச் சுட்டது. கேட்கத் தேவையில்லை என்று நம்பினீர்களா, கேட்டுப் பயனில்லை என்று நினைத்தீர்களா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருந்துவிடுமோ என்று பயந்தார். எனவே நடந்ததை எல்லார் முன்னும் இதோ எழுதுகிறார்.

போகிச் ஒரு புட்டி திராட்சை பிராந்தியோடு வந்தார்.

"கூமே, நாலு வருஷம் ஆச்சு. திருநாளுக்கு வரணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

"வா. யாரு கதவ அடைச்சா?"

"அந்தம்மா வேலைய விட்டுப் போறாங்களாமே. நல்லதுதான். பழச எதுக்கு நெட்டுல வெச்சுக்கிட்டு? அந்த ஒண்ண மட்டும் தூக்கிடச் சொல்லுங்க. என் பொண்ணு, நீங்க பேர் வெச்ச பொண்ணு, அதக் கேட்டுட்டு அழுவுறா."

அந்தப் பெண்ணின் பேச்சு வந்ததும் கிர்ஸ்தோவின் கை அடுப்பின் பக்கம் போகத் துடித்தது. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அன்று அவர் காப்பி போடவில்லை. அந்த வீட்டுக்கு வந்தவர் ஒருவர் காப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்தது அதுவே முதல் முறை. அதை நினைத்தால் அவருக்கு இன்றும் கூசுகிறது. ஆனாலும் அந்த அமைதியை அவர் நிரப்பவில்லை. 

கடைசியில் சொன்னார்: "உன் பொண்ணு அழ வேணாம். 'திங்கக்கிழமை'ன்னு ஒரே ஒரு தடவ நீ வந்து சொல்லு. வர்ற வியாழக்கிழமையே அதையும் போடறோம்."

போகிச் எழுந்து போனார். பிரிக்காத புட்டியை ராட்கோவின் பேருந்தில் போகிச் வீட்டுக்கே திருப்பி அனுப்பினோம்.

ரதோய்கா அவர்களே! இனி உங்கள் முக்காலியில் நெவேனா உட்காருவார். அந்தச் செயலியை இருமலுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் உள்ளதை மனிதக் காது கேட்காமல் யாரும் வெட்ட மாட்டோம். தவறுவோமோ என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் காதுகள் கூர்மை குன்றாமல், கால்கள் மலையேறச் சலிக்காமல், வெலிமிரின் கைபிடித்து, அடுப்பில் சோளக் களியும் அலமாரியில் பாலாடைக்கட்டியும் குறையாமல், நூறாண்டு நலமாக வாழுங்கள்! வியாழக்கிழமைதோறும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் உடனே திட்டுங்கள்.

அன்புடன்,
கிர்ஸ்தோ லாக்கிச், நெவேனா லாக்கிச், டானிலோ
'இரண்டாம் காப்பி' பணியாளர்கள்

இதைக் கண்ணாடிச் சட்டத்தில் போடும்போது கையெழுத்துக்குக் கீழே பின்வரும் வரிகளும் இருக்க வேண்டும் என்பது கிர்ஸ்தோவின் விருப்பம்:

கிர்ஸ்தோ லாக்கிச் தம் கூமோடு சமாதானம் ஆகிவிட்டார் என்றும், அதற்காக ரதோய்கா பெரோவிச்சை வீட்டுக்கு அனுப்புகிறார் என்றும், தேர்தலுக்கு முன் அந்த நிகழ்ச்சி நீக்கப்படும் என்றும் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. சமாதானம் ஆகவில்லை. நிகழ்ச்சி நீக்கப்படாது. ரதோய்கா பெரோவிச்சுக்குச் சென்ற மாதம் அறுபத்து நான்கு வயது நிறைந்தது. அதனால் ஓய்வு பெறுகிறார்.