அமாவாசைப் பக்கம்

அன்று எழுத்தாளர் நினைவு இல்லத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். காப்பாளனான நான், தோட்டத்துக்குத் தண்ணீர் விட வரும் சம்பூர்ணம், வீட்டைப் பார்க்க வந்த ஜீவிதா. செவ்வாய்க்கிழமைக்கு அதுவே கூட்டம்தான், ஐயா.

வருகிறவர்கள் அவருடைய மேசையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்ப்பார்கள். அவர் நட்ட பவழமல்லியடியில் படம் எடுத்துக்கொள்வார்கள். நின்று படிப்பது கடைசி நாட்குறிப்பை மட்டும்தான். ஓர் அம்மாள் அதைப் படித்து அழுதாள். தொழிற்சாலையில் இரவு வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். எனக்கு அதுவரை யாரும் அப்படியொரு மரியாதை கொடுத்ததில்லை.

அதில் கடைசி நாற்பது பக்கங்கள் வெறுமையாக இருந்தன. நான் எழுதினேன். அவருடைய பேனா, அவருடைய கையெழுத்து. அவர் பக்கத்துக்குப் பக்கம் திதி குறிப்பார். நானும் பழைய பஞ்சாங்கம் பார்த்து விடாமல் குறித்தேன்.

ஜீவிதா இதே பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுப் பெண். ஒரு பக்கத்தைக் காட்டிச் சிரித்தாள்.

"இன்னாண்ணா இது? அமாவாசைன்னு போட்டுக்கீது. கீழ, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துல தூங்கலைன்னும் எழுதிக்கீது."

"அதனால?"

"அமாவாசைக்கு எங்க தெருவுல எவன் தறியில உக்காருவான்? இங்கியே பொறந்தவரு இப்டி எழுதுவாரா? நீ எந்த ஊருண்ணா?"

"திருமுக்கூடல்."

"அதான். நாத்து நடற கையி. அதுக்குத் தறி இன்னா தெரியும்?"

பிறகு அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"பழைய நோட்டுங்களக் காட்டு. ஒத்துப் பாத்துட்டு அவரு பொண்ணாண்ட சொல்லிட்றேன்."

நான் மறுக்கவில்லை. அவை உள்ளறையில் இருக்கின்றன. ஜன்னல் இல்லாத அறை. ஆறு மாதத்துக்கொரு முறை பூச்சிக்காக அங்கே மாத்திரை வைத்து, கதவிடுக்கில் காகிதம் ஒட்டி, மூன்று நாள் மூடிவைப்போம். அதன் புகை மனிதரையும் கொல்லும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. படித்திருக்கிறேன். அடுத்த வாரம்தான் முறை. அன்றே வைத்தேன்.

முதலில் சம்பூர்ணத்தை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"செடிக்கு இன்னும் தண்ணி ஊத்தலியேப்பா," என்றாள்.

நான் ஊற்றுவதாகச் சொன்னேன். பிற்பாடு ஊற்றவும் செய்தேன்.

ஜீவிதாவின் போனில் சார்ஜ் இல்லை. முன்னறையில் சொருகிவிட்டு வந்திருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பூச்சிகள்மேலும் இருந்ததில்லை. அவருடைய எழுத்தைக் காப்பது என் வேலை.

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து முதல் நோட்டைப் பிரித்தாள். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

"அண்ணா, வெளிச்சம் பத்தல."

"கொண்டாரேம்மா," என்று சொல்லி வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.