ஆறாவது பேர்

— அன்னிக்குக் கால்வாய்க் கரையில நின்னவங்க பேரு காயிதத்துல மேலயே எழுதிகீறேன். எங்கப்பா பலராமன், மூத்த புள்ள அப்பாவு நானு, பஞ்சாயத்துத் தலைவர் செந்தமிழன், சர்வேயர் இனியவன், பொக்லைன் ஓட்டுன ரகு. அஞ்சு பேரு. அத அப்டியே ஸ்டேஷன் பலகையில ஏத்து, அவ்ளோதான். வாசப்படி தாண்டாத, அங்கியே நின்னு பேசு.

— நின்னுக்கிட்டுதான் இருக்கேன் மச்சான். பதினாலு வருசமா இந்தப் பக்கம் வந்தனா? பலகை எழுதுத வேலை எனக்குக் கெடச்சிட்டு, அதான் வந்தேன். ஆறாவது ஆள எங்க?

— மச்சான் கிச்சான்னா பல்ல ஒடச்சிடுவேன். மாசானம்னு தெக்கத்தி ஆளு ஒருத்தன் எங்க லைன் வூட்ல வாடகைக்கு இருந்தான். அவ்ளோதான் ஒறவு.

— அந்த ஆளுதான் உங்க தங்கச்சி காந்திமதியக் கட்டியிருக்கான். அவ பேரு எங்க?

— எங்க வூட்ல அந்தப் பேர்ல யாரும் கெடையாது.

— சரி, கெடையாது. நீங்க எழுதினத நானே வாசிக்கேன், கேளுங்க. ‘முதலில் மண்மேடு போட்டுத்தான் ரயில் பாதை வருவதாக இருந்தது. மண்மேடு வந்தால் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் அடைபட்டுக் கீழ்த்தெரு மூழ்கிவிடும். அதைத் தடுக்க முதியவர் பலராமன் பொக்லைன் முன் படுத்தார். அதனால்தான் பாதையும் நிலையமும் தூண்மேல் ஏறின.’ இதுதான?

— ஒரு எழுத்து கொறையக் கூடாது. வல்லம் பேக்டரிங்களுக்கு ஷிப்டு போற ஜனம் அத்தினியும் எங்கப்பா பேரப் படிச்சிட்டுதான் ரயில் ஏறணும்.

— ஊரும் அப்படித்தான் சொல்லுது. டீக்கடையில எங்கூட வேலை பாக்குத பயலுவளே சொல்லுதானுவ, உங்க மாமனார் பெரிய ஆளாமேன்னு. நான் டீயக் குடிச்சிட்டு வந்திருதேன்.

— குடிச்சிட்டுப் போ. உனுக்கு இன்னா அதுல வலிக்குது?

— எனக்கு என்ன வலி. அவளுக்குத்தான் வலது முட்டி மடங்காது. லிப்ட் நின்னுபோனா அந்த ஸ்டேஷன் படியில பக்கவாட்டுல நண்டு கணக்கா ஏறுதா. போன வாரம் எதிர்ப்படியில நீங்க எறங்கி வந்தியளாம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டியன்னு சொன்னா.

— ஊர் பாக்க உன் தோள்ல கெடந்தாளே, அப்போ எங்க போச்சு அவ மூஞ்சி? கல்யாணம் ஆவாத பொண்ணு. வாடகைக்கு இருக்கறவன் தூக்கிகினு ஓடறான். அதுக்கப்பறம் எங்கப்பா கோயில்ல மொத மரியாதைக்குப் போவல, தெரியுமா? வூட்லயே கெடந்து செத்தாரு.

— முட்டி நொறுங்கிக் கெடந்தவள யாரு தூக்கணும்? அண்ணன்காரன் தூக்கணும். நீங்க வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு நின்னிய. நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்னவன், பஸ்ஸ விட்டுட்டு ஓடியாந்தேன்.

— வாய மூட்றா.

— மூடிருதேன். சண்டை போட வரல. ஸ்டேஷன் எஞ்சினியர் நீங்க எழுதின இந்தக் காயிதத்தக் குடுத்துவிட்டாரு. ‘நேரில் கண்டேன்’னு போட்டிருக்குல்லா, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டியன்னா உங்கப்பா பேர நானே எழுதி, நாளைக்கே மாட்டிருவேன். அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

— அவ இன்னா சொன்னா?

— ‘எங்கண்ணன் பொய்க்குக் கையெழுத்துப் போடாது. போட்டுச்சின்னா எழுதிடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்’னா.

— அப்டியா சொன்னா.

— இந்தாங்க பேனா.

— நாப்பது வருஷம் ஊர்ப் பத்திரத்துக்கெல்லாம் சாட்சி போட்ட கை இது. கண்ணால பாக்காததுக்கு ஒரு தபா போட்டதில்ல.

— இதத்தான் கண்ணால பாத்தியள. அப்புறம் என்ன யோசனை? ஊர் சொல்லுதது நெசந்தான? உங்கப்பாதான படுத்தாரு?

— பேனாவ எட்த்துக்கோ. எங்கப்பா படுக்கல. மண்ணு கொட்ற காண்ட்ராக்ட்டே அவர்துதான். படுத்தவ காந்திமதி. அவளப் பாத்துட்டு ரகு மெஷின நிறுத்திட்டான். எங்கப்பாதான் ‘ஓட்டுடா’ன்னாரு.