எந்தத் தெரு?

மனைவி: ...வெந்நீர் கொண்டு வரட்டுமா? தொண்டை கட்டியிருக்கே.

கணவர்: வேண்டாம்.

மனைவி: மைக்ல அப்படிக் கத்தினா கட்டாம என்ன செய்யும்?

கணவர்: கத்தினேனா?

மனைவி: கடைசி வரிசை வரைக்கும் காது அடைச்சுதுங்க.

கணவர்: நீ கடைசியிலயா உக்காந்திருந்த?

மனைவி: கதவுகிட்ட. சரி, ஜெயிச்சாச்சு. குடியிருப்போர் சங்கச் செயலாளர்னா இவர்தான்னு தெருவே பேசுது. மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?

கணவர்: எப்படி வச்சிருக்கேன்?

மனைவி: தோத்தவர் மாதிரி.

கணவர்: களைப்பு... விடு.

மனைவி: நகராட்சி அதிகாரியே எழுந்து சொல்லிட்டாரே, பழைய நீச்சல்குளத்து இடத்துல குடியிருப்பு கட்டற திட்டத்தை நிறுத்திட்டோம்னு. இனி அங்க வீடில்லாதவங்களுக்கு வீடும் வராது, ஒண்ணும் வராது. இதுக்குத்தானே நாயா அலைஞ்சீங்க?

கணவர்: "எங்க பிள்ளைங்க விளையாடற இடம்"னு பேசினேன். எந்தப் பிள்ளை அங்க விளையாடுது?

மனைவி: ...நம்ம கார் நிக்குது.

கணவர்: நம்மது நிக்குது. எதிர் வீட்டுப் பல் டாக்டரோட ரெண்டும் நிக்குது.

மனைவி: சொல்லி வாய் மூடல, அவரே வர்றார். உள்ள வாங்க டாக்டர்!

பல் டாக்டர்: உக்கார நேரமில்லம்மா. செயலாளருக்குக் கை குடுத்துட்டுப் போலாம்னு... சார், பின்னிட்டீங்க!

கணவர்: எல்லாரும் சேர்ந்துதானே...

பல் டாக்டர்: அட, சும்மா இருங்க! அந்தப் பொம்பளை எழுந்து, "ஒரே ரூம்ல ரெண்டு குழந்தைங்களோட கிடக்கேன், சுவரெல்லாம் ஈரம், இங்க ஒரு வீடு கிடைக்கும்னு நம்பியிருந்தேன்"னு ஆரம்பிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. போச்சுடா, கவுத்துட்டாளேன்னு நெனச்சேன்.

கணவர்: டாக்டர்...

பல் டாக்டர்: அப்பப் போட்டீங்க பாருங்க ஒரு கேள்வி! "நீங்க எந்தத் தெரும்மா? இந்த ஏரியாவுல யாரைத் தெரியும் உங்களுக்கு?" அவ்வளவுதான்! உங்களையே ஒரு பார்வை பாத்துட்டு, "யாரையும் தெரியாது சார்"னு உக்காந்துடுச்சு. என்ன கைதட்டல்! நீங்க பாத்தீங்கல்லம்மா?

மனைவி: நான்... குடையை எடுக்க வெளிய போயிருந்தேன்.

பல் டாக்டர்: நல்ல கட்டத்தை விட்டுட்டீங்களே! சரி, வரேன் சார். இனிமே வண்டியை எங்க நிறுத்தறதுங்கற கவலை இல்ல!

கணவர்: ...கதவைச் சாத்து.

மனைவி: சாத்திட்டேன்.

கணவர்: குடையா? வெளிய ஒரு தூறல்கூட இல்லியே.

மனைவி: வந்தாலும் வரும்னு...

கணவர்: அவ பேசினப்ப நீ உள்ளதான் இருந்த.

மனைவி: எவ?

கணவர்: நடிக்காதே.

மனைவி: நீங்க மட்டும்? மேடைல நின்னு நடிக்கலியா?

கணவர்: சட்டுனு அடையாளம் தெரியல. ரொம்ப இளைச்சு, முன்முடியெல்லாம் நரைச்சு... வாய் பாட்டுக்குக் கேட்டுடுச்சு.

மனைவி: நிஜமா தெரியலியா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

கணவர்: எழுந்து நின்னப்பவே தெரிஞ்சுடுச்சு. "மாடியறை காலியா இருக்கும்போதே கூடப்பிறந்த தங்கச்சியை வெளிய அனுப்பினவர் இவர்தான்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவாளோன்னு... பயம். அதான் முந்திக்கிட்டேன்.

மனைவி: இடம் பத்தலைன்னு சொன்னவ நான்தானே.

கணவர்: சொன்னது நீ. பெட்டியைத் தூக்கி வண்டியில வச்சது நான்.

மனைவி: கேட்டவங்ககிட்டல்லாம் "புருஷன்கூட சேர்ந்துட்டா"ன்னு வேற சொல்லி வச்சோம்...

கணவர்: அடிச்ச புருஷன்கூட. வாய் கூசாம சொன்னோம்.

மனைவி: மெதுவா பேசுங்க... அழாதீங்க.

கணவர்: ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். சொல்லலியே அவ. "சார்"னா. என்னைப் பாத்து சார்னா!

மனைவி: இந்தாங்க, தண்ணி குடிங்க.

கணவர்: கிளம்பு. இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்.

மனைவி: எங்கன்னு போவீங்க? எங்க இருக்கான்னு தெரியுமா?

கணவர்: ...தெரியாது.

மனைவி: எனக்கும் தெரியாதுங்க.

கணவர்: அப்புறம் நீ வெளிய போனியே. அவ போறதைப் பாக்கலியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

மனைவி: வாசல்ல டாக்டர் வீட்டம்மாகூட நின்னுட்டிருந்தேன். அவளோட சின்னப் பொண்ணு "அத்தை!"ன்னு ஓடி வந்து என் முந்தானையைப் பிடிச்சுக்கிச்சு. நான் குனிஞ்சுகூடப் பாக்கலைங்க. அவதான் வந்து, குழந்தையோட விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டு, "இவங்க நம்ம அத்தை இல்லடி கண்ணு, வேற யாரோ"ன்னு கூட்டிட்டுப் போனா.