இடது காலின் முன்கவை

செருப்பு போடுகிற யாருக்கும் தெரியும், குதிகால் ஒரு பக்கமாகத்தான் தேயும். உருளைச் சறுக்குக் கட்டையின் சக்கரமும் அப்படித்தான். பனி இல்லாத மாதங்களில் தார் ரோட்டிலேயே பனிச்சறுக்குப் பழகுவதற்கான சாதனம் அது. ஒன்றரை முழ அலுமினியக் கட்டை, முன்னால் ஒரு ரப்பர் சக்கரம், பின்னால் ஒன்று. உதைத்து உதைத்துப் போவதால் உள்விளிம்பு முதலில் கரையும். அதனால் மாதம் ஒருமுறை இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட வேண்டும். விட்டுவிட்டால் கட்டை நம்மைச் சாக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகும். நான் விட்டதே இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

கல்லூரி அணியில் ஆறு பேர். உபகரண அறையில் நான் ஒருவன். மூன்று வருடமாகச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன். கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால், பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். மணல் அரைக்கிற சத்தம் வந்தால் மாற்றிவிடுவேன். காலணியைப் பிடிக்கும் திருகுகளை முடுக்குவேன். கடைசியாகக் கவையைப் பார்ப்பேன். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவட்டை மாதிரியான துண்டு அது. மை தடவித் துடைத்தால், கீறல் இருந்தால் மை உள்ளேயே நின்று முடி மாதிரி ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்தக் கவைக்கு ஆயுள் முடிந்தது.

அணித்தலைவனுக்கு ராக்கெட் என்று பெயர். அவனே வைத்துக்கொண்டது. கட்டையை வாசலிலிருந்தே அறைக்குள் வீசுவான்.

"சக்கர டாக்டரே, பேஷண்ட் வந்திருக்கு. பொழச்சிக்குமா?"

"கவையில கீறல் இருக்கு. இன்னும் ரெண்டு இறக்கம் தாங்காது."

"உன் மூஞ்சியில கூடத்தான் கீறல் இருக்கு. உன்ன மாத்தினாங்களா?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கவையை மாற்றிவிடுவேன். அவன் உயிரோடு வெளியே போவான். இதில் அநியாயம் ஒன்று இருப்பது உங்களுக்கே தெரியும். நான் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

பயிற்சியாளர் அதைத்தான் சொன்னார். போன மாதம் என் அறைக்கு வந்து, உட்காராமல், சுவரை அளக்கிற மாதிரி பார்த்தார்.

"இந்த மூணு வருஷத்துல எத்தனை பேரு விழுந்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"அப்போ நீ எதுக்குப்பா?"

யோசித்துப் பார்த்தேன். கேள்வியில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்து டேபிள் டென்னிஸ் மேஜை போடப் போவதாகச் சொன்னார். பராமரிப்பை அவரவரே பார்த்துக்கொள்ளட்டுமாம். ராக்கெட் கட்டையின் முனையால் சோடா பாட்டில் திறக்கிறவன். அவன் பார்த்துக்கொள்வானாம்.

எனவே ஒருவர் விழ வேண்டியிருந்தது. இதை நான் ஆத்திரத்தில் முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் நடந்து நடந்து யோசித்தேன். சின்னதாக விழுந்தால் பிரயோஜனமில்லை. முட்டிச் சிராய்ப்புக்கு யாரும் கூட்டம் போட்டுப் பேச மாட்டார்கள். இறக்கத்தில் விழ வேண்டும்.

யார் என்பதுதான் கஷ்டம். ராக்கெட் என்றால் எனக்கே சந்தோஷமாக இருந்திருக்கும், அதனாலேயே அவன் வேண்டாம் என்று ஒதுக்கினேன். தனிப்பட்ட பகை இதில் வரக்கூடாது. தவிர, அவன் விழுந்தால் ஊரே "அவன் ஆட்டத்துக்கு இது கம்மி" என்று சொல்லிவிட்டுப் போகும். மற்ற நான்கு பேரும் அவனுடைய நகல்கள். ஒரு சனிக்கிழமையும் தவறாமல் கட்டையைத் துடைத்து எடுத்து வருகிற, தலைக்கவசத்தின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஆள் விழுந்தால்தான் சாதனத்தின் மேல் சந்தேகம் வரும். அப்படி அணியில் ஒருத்திதான் இருந்தாள்.

என் தங்கச்சி.

அவளும் அந்தச் சனிக்கிழமை வந்தாள். என் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய் அண்ணா, ரூமை மூடப் போறாங்களாமே. நான் வேணா மாஸ்டர்கிட்ட பேசவா?"

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக் கிழிச்ச. அம்மாகிட்ட குழம்பு நல்லாயில்லன்னு சொல்லவே உனக்கு ஒரு வாரம் ஆகும்."

பெட்டியிலிருந்து ராக்கெட்டின் பழைய முன்கவையை எடுத்தேன். கழற்றிய உதிரிகளை நான் எறிவதில்லை, தேதி எழுதிய சீட்டு கட்டி வைத்திருப்பேன். சீட்டை அவிழ்த்தேன். அவளுடைய இடது காலின் நல்ல கவையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மையைச் சுத்தமாகத் துடைத்தேன். திருகுக்குப் பசை வைத்து, எவ்வளவு முடுக்க வேண்டுமோ அவ்வளவு முடுக்கினேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"இது புதுசா?" என்று கேட்டாள்.

"மாத்தியிருக்கேன்" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பயிற்சி அட்டவணை என் கதவில்தான் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை மலைப்பாதை. கீழே வளைவில் கருங்கல் சுவர். தெரியும் சார். அட்டவணையை ஒட்டினதே நான்தான்.

இடுப்பெலும்பும் முதுகில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது என்றார்கள். நடப்பாளா என்று அம்மா கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் செல்போனைப் பார்த்தார். அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தாங்கிக்கொண்டேன்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கெடுத்தது தங்கச்சி.

விசாரணைக் குழு ஆஸ்பத்திரிக்கு வந்தது. நானும் கட்டில் பக்கத்தில் இருந்தேன். கவை உடைந்திருக்கிறதே, சாதனத்தில் கோளாறு இருந்திருக்குமா என்று பயிற்சியாளரே கேட்டார். நான் மூன்று வருடமாகக் காத்திருந்த கேள்வி. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்ல சார். சுவத்துல மோதினப்போ உடைஞ்சிருக்கும். எங்க அண்ணன் சனிக்கிழமைதான் பாத்துக் குடுத்தான். அவன் பாத்தா குறை இருக்காது. நான்தான் பேலன்ஸ் விட்டுட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னாள், இருந்தாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. வீரரின் கவனக்குறைவு என்று எழுதி, குழுவின் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் ராக்கெட் என் முதுகில் தட்டி, "விடு டாக்டர், உன் மேல தப்பில்ல" என்றான். அவன் என்னை மதித்துப் பேசிய ஒரே தடவை அது. நேற்று அறையைக் காலி செய்தார்கள். மேஜை வந்து இறங்கிவிட்டது.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு நானாக வந்திருக்கிறேன். நீங்கள் நினைக்கிற மாதிரி மனசாட்சி உறுத்தி அல்ல. அறிக்கையில் தப்பு இருக்கிறது. இதோ ராக்கெட்டின் கவையிலிருந்து அவிழ்த்த சீட்டு, தேதி என் கையெழுத்தில் இருக்கிறது. இது அவளுடைய நல்ல கவை. கட்டையில் இருக்கும் கவையின் உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பழைய கீறலில் மை தங்கியிருக்கும். அவள் பேலன்ஸ் விடவில்லை. கீறல் இருந்த உதிரியால் விழுந்தாள், அதை மாட்டியது நான். இரண்டையும் எழுதுங்கள். முதலாவதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினால் நல்லது.

தங்கச்சியிடம் யார் சொல்வது என்று கேட்டீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் புரிந்துகொள்வாள். அந்த ஆறு பேரில் என் வேலையின் அருமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.