அமாவாசை இலை

உங்கள் மகள் பிளாக் ஆரம்பிக்கப் போகிறாள், அதில் பணம் எப்படி வரும் என்று டீ குடிக்கும்போது கேட்டீர்களே சார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதும் அதற்குள்ளேயே வந்துவிடும். வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்து, மழையோ காய்ச்சலோ, அன்றைக்கு எழுதிவிட வேண்டும். எனக்குச் செவ்வாய்க்கிழமை. அப்புறம், ஒரே விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்குச் சமையல், நாளைக்கு சினிமா என்று தாவினால் ஒருத்தரும் திரும்பி வரமாட்டார்கள். என்னுடைய விஷயம் என் வீட்டுக்காரர். அவர் காணாமல் போனவர்.

என் பெயர் கனகா. மேட்டகள்ளியில் வாடகை வீடு. பக்கத்திலேயே ஒரு டி.டி.பி. கடையில் தமிழிலும் கன்னடத்திலும் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை டைப் அடிப்பது வேலை. பத்திரிகையில் ஒரு பிழை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் உதயகுமார், மார்டள்ளிக்காரர், கட்டட வேலையில் சென்ட்ரிங் மேஸ்திரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், குண்டலுபேட்டையில் ஒரு வார வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டார் என்று பஸ் நிறுத்தம்வரை ஓடிப்போய்க் கொடுத்தவள் நான். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. போன் எடுக்கவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தேன். கன்னடத்தில் "பர்த்தாரம்மா", அதாவது வந்துவிடுவார், என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் அவ்வளவு மரியாதைகூட இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டானாம் என்று வீட்டு ஓனரம்மா குழாயடியில் எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

பிளாக் என்ற யோசனை மனிஷாவுடையது. எங்கள் கடையில் டிசைன் வேலை பார்க்கும் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அக்கா, சும்னே அழுதுட்டு இருந்தா ஏனு பிரயோஜனா? ஒரு பிளாக் ஓப்பன் பண்ணு. போட்டோ போடு. யாராவது பார்த்துட்டுச் சொல்வாங்க, அல்வா?" என்று பாதிக் கன்னடம் கலந்து சொன்னாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் எழுதியதை என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுத்தான் அழுவாள்.

முதல் பதிவில் அடையாளம் எழுதினேன். உயரம், நிறம், இடது புருவத்துத் தழும்பு. இடது முன்கையில் தமிழில் கனகா என்று பச்சை. கல்யாணமான வருடம் மாதேஸ்வரன் மலையில் தேருக்குப் போனபோது குத்திக்கொண்டது. அவர் உடம்பில் வேறு பெயர் இருக்காது, என் பெயர் ஒன்றுதான் என்று எழுதி முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியைத்தான் நிறையப் பேர் எடுத்துப் பகிர்ந்தார்கள்.

திருப்பூரிலிருந்து, துபாயிலிருந்து, கோலாரிலிருந்து பெண்கள் எழுதினார்கள். அக்கா, தங்கச்சி என்று அழைத்தார்கள். படிக்கிறவர்கள் சேர்ந்ததும் மனிஷா விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். விளம்பரத்தில் வருவது உப்புக்குத்தான் ஆகும் சார், மகளிடம் சொல்லிவையுங்கள். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த குக்கரைப் பற்றி எழுதி, அதே குக்கரை வாங்கும் இணைப்பைக் கீழே கொடுத்தேன். ஒருத்தர் அதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன். அதில் பருப்புக்கு ஆயிற்று. பிறகு, தேடும் செலவுக்கு உதவ நினைப்பவர்கள் இங்கே அழுத்துங்கள் என்று ஒரு பட்டன். நான் கேட்கவே இல்லை, வாசகர்களே வைக்கச் சொன்னார்கள். ஆனால் இதற்கெல்லாம் அடியில் நம்பிக்கை இருக்க வேண்டும். நம்பிக்கை போனால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். நான் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

அமாவாசை இலை எப்படி வந்தது என்றால், ஒரு அமாவாசை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மனது கேட்கவில்லை. அவருக்கும் ஒரு வாழை இலை போட்டுப் பரிமாறி, கதவைத் தாழ் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் போட்டோ எடுத்து எழுதினேன். அன்றைக்கு வந்த கூட்டம் அதுவரை வந்ததில்லை. அதற்குப் பிறகு மாதாமாதம் போட்டேன். என் மாமியார் சாமியாத்தாள் மார்டள்ளியிலிருந்து போன் செய்தார். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏங் கண்ணு, அமாவாசைக்கு எலை போடறது செத்தவங்களுக்கல்லோ? என்ற பையன் உசுரோட இருக்கறான். வேண்டாஞ் சாமி, அப்பிடிப் போடாத" என்றார்.

"சரிங்க அத்தை" என்றேன். ஆனால் இருபது ஊரில் பெண்கள் அவருக்காக இலை போட ஆரம்பித்திருந்தார்கள். நான் எப்படி நிறுத்துவது?

அந்தச் சமயத்தில் ஒரு சாம்பார்பொடிக்காரர் எழுதினார். அவர் பொடியைச் சொல்லி ஒரு பதிவு எழுதினால் பணம் தருவதாகச் சொன்னார். உங்கள் மகளுக்கும் இப்படி வரும். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. அந்த மாத இலையில் முருங்கைக்காய் சாம்பார் வைத்து, இதுதான் அவருக்கு உயிர் என்று எழுதினேன். மறுநாள் பெயர் போடாமல் ஒருவர் கமென்ட் எழுதியிருந்தார். "அவருக்கு முருங்கைக்காய் ஆகாது. புளிக்குழம்பு வெச்சாத்தான் சாப்பிடுவார். அப்பளத்தைப் பொரிக்கக் கூடாது, சுட்டுத் தரணும்."

அப்பளம் சுடுவது எங்கள் வீட்டுக்குள் நடப்பது சார். அடுப்பில் நேராகக் காட்டி, ஓரம் கருகினால்தான் அவருக்குப் பிடிக்கும். அதை நான் எங்கேயும் எழுதியதில்லை.

எழுதியது அவரேதான். வேறு யாருக்குத் தெரியும்? செத்துக் கிடக்கிறாரோ, எந்த ஆஸ்பத்திரியில் அனாதையாகக் கிடக்கிறாரோ என்று நான் கும்பிடாத தெய்வமில்லை. இவர் எங்கேயோ உட்கார்ந்து, வாராவாரம் என் அழுகையைப் படித்துக்கொண்டு, குழம்பில் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கடையில் அன்றைக்கு ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

யாரிடமும் சொல்லவில்லை. மனிஷாவிடம்கூட. சொல்லி என்ன ஆகும்? அத்தை படுத்துவிடுவார். வாசகர்கள் மனது உடைந்துபோவார்கள். அடுத்த அமாவாசைக்குப் புளிக்குழம்பு வைத்தேன், அப்பளம் சுட்டேன். தகவலில் பிழை இருந்தால் திருத்த வேண்டும், அதற்காகத்தான். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. எழுத்தும் நன்றாக வந்தது. அவர் படிக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு எழுத்தே கைவந்தது என்று சொல்லலாம். ஓனரம்மா வாடகையை ஏற்றவில்லை. "கனகாம்மா மாதிரி பதிவிரதை இந்தக் காலத்துல யாரு இருக்கா?" என்று அதே குழாயடியில் சொன்னாள். சென்னையில் பெண்கள் சங்கம் ஒன்று கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது.

அவர் ஆடி அமாவாசை அன்று மதியம் வந்தார். கதவு தாழ் போடவில்லையே, தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இளைத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. போட்டோ எடுத்து முடித்திருந்தேன், நல்லவேளை. அவர் நேராக இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அப்பளத்தை நொறுக்கிக் குழம்பில் போட்டுப் பிசைந்தார். அந்த இலை அவருக்குப் போட்டது இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது.

கை கழுவியபோதுதான் பார்த்தேன். இடது கையில் என் பெயர். வலது கையில் ஜோதிமணி என்று இன்னொரு பெயர். பச்சை இன்னும் பளிச்சென்று இருந்தது.

"சைட்ல சித்தாள் வேலைக்கு வந்தவ கனகா. புத்தி கெட்டுப் போயிட்டன். அவ அவளோட ஊருக்கே போயிட்டா" என்றார். பிறகு அழுதார். "நீ எழுதுனதப் பூராம் படிச்சன். முருங்கக்காய மாத்திப் புளிக்கொழம்பு வெச்சயல்லோ, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ என்னைய மன்னிச்சுட்டீன்னு. வாரதுக்குத்தான் மொகம் இல்லாம இருந்தன். நீங்க வந்தாப் போதும், வேறொண்ணும் கேக்கமாட்டன்னு போன வாரம் எழுதியிருந்தயே, அதப் படிச்சுட்டுத்தான் வந்தன்."

அவர் பணம் கேட்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், பேப்பரில் அப்படிப் போட்டிருக்கிறார்கள், தப்பு. பிளாக்கில் எவ்வளவு வருகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது வேறு. "மூடிரு கனகா. நாந்தான் வந்துட்டனே. எம்பட போட்டோவப் போட்டு, வந்துட்டாருன்னு எழுதி மூடிரு. அந்தப் பொம்பளைங்களும் நிம்மதியா இருக்கட்டும்."

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பது? எங்கே இருந்தார் என்று கேட்பார்களே, என்ன சொல்வது? தேடும் செலவுக்கென்று கம்மலை விற்றுப் பணம் போட்ட பெண் இருக்கிறாள் சார். அவளிடம் போய், இவர் சித்தாளோடு குண்டலுபேட்டையில் இருந்தார், எனக்கு ஒரு வருடமாகத் தெரியும் என்று சொல்வதா? முதல் தடவை அவர் போனபோது என் வாழ்க்கையைக் கெடுத்தார். மறுபடியும் நானாக ஒன்றைக் கட்டி எழுப்பினேன். அதையும் கெடுக்க வந்து, என் வீட்டில் உட்கார்ந்து புளிக்குழம்பு சாப்பிட்டார். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய துரோகமாகப் பட்டது.

கோபத்தைக் காட்டவில்லை. "மாதேஸ்வரனுக்கு வேண்டியிருக்கறேன். முதல்ல மலைக்குப் போய் வேண்டுதலை முடிச்சுட்டு வரலாம். அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லலாம்" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். மார்டள்ளிக்குப் பிரிகிற இடத்தில் பஸ் நின்றபோது, "அம்மாவ ஒரெட்டுப் பாத்துட்டுப் போலாமா?" என்றார். சாமி முதலில் என்றேன். சரி என்று ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

மலையில் மொட்டை போட்டுக்கொண்டார். அதன் பிறகு பாலாறு பக்கம் காவிரிக் கரைக்குக் கூட்டிப் போனேன். ஆடிப் பெருக்குத் தண்ணீர். ஆபத்து, இறங்காதீர் என்று இரண்டு மொழியில் பலகை வைத்திருந்தார்கள். கன்னடத்தில் ஒரு எழுத்துப் பிழை. பாறை மேல் நில்லுங்கள், பிளாக்கில் போட ஒரு போட்டோ எடுக்கிறேன் என்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வலது கையைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள் என்றேன், போனார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுத்தேன். பிறகு பக்கத்தில் போய், நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். கால் வழுக்கியது என்று நான் நேற்றுச் சொன்னது பொய். ஒரு தடவை கனகா என்று கூப்பிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

ஏற்கெனவே காணாமல் போனவரை யார் புதிதாகத் தேடப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதினேன், மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒரு இலையில் சோறு ஆறிக்கொண்டே இருக்கிறது என்று ஆரம்பிக்கும் பதிவு. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உடல் தமிழ்நாட்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அங்கே ரத்தினவேல் என்று ஒருவர், மேட்டூர்ப் பக்கம் மீன் கடைக்காரர், முதல் பதிவிலிருந்து என் வாசகர். கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதினார். "தங்கச்சி, மனசைக் கல்லாக்கிக்கோ. இடது கையில உன் பேரு இருக்கு. வலது கையில வேற பேரு இருக்கு. உன் வீட்டுக்காரரா பாரு." இல்லை அண்ணா, என் வீட்டுக்காரர் கையில் ஒரு பெயர்தான் என்று பதில் போட்டேன். அவர் அதோடு விட்டிருக்கலாம். புருவத் தழும்பையும் சேர்த்துச் சொல்லிப் போலீசுக்குப் போய்விட்டார். மூன்று வருடமாகப் படித்தவர், அவர்கூட என் வார்த்தையை நம்பவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அத்தைக்கு நீங்களே சொல்லிவிட்டீர்களாம். பாவம், வயதானவர், எதற்குச் சொன்னீர்கள்? பாறையிலிருந்து அந்த ஆளைத் தள்ளியது நான்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்று சார், நாளை மறுநாள் அமாவாசை. ஒரு வாழை இலை மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் இத்தனை நாள் கழித்து வந்தால், பசியோடுதான் வருவார்.